கதவை அடைப்பதற்கு முன் இரண்டு மணி நேரம்

அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றி, கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டி, என்னிடம் நீட்டினார். விளக்கம் என்ற கட்டத்தில் ஒரே வரி இருந்தது: மாதிரிகளைக் கையாண்டதில் ஏற்பட்ட குறை. எந்த மாதிரி, எந்த நாள், எந்தக் கட்டத்தில், என்ன குறை என்று ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருடங்களாகத் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். பேருந்து நான்கு நிமிடம் தாமதமாக வந்தால் அதையும் எழுதுவேன். நாள் குறிப்பிடாத குற்றத்தை என்னால் ஏற்க முடியாது என்று சொல்லி, பேனாவை மூடி, படிவத்தின் மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது காலை பதினொன்று பத்து.

வீடு சிங்கப்பூரின் ஜாலான் புசாரில். வேலை கிளமெண்டிப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ரத்தப் பரிசோதனை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையில் நாங்கள் பார்ப்பது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு அணுக்களின் நினைவை. ஒரு கிருமியை முதல் தடவை சந்திக்கும் அணுவுக்குத் தயாராகப் பல நாட்கள் பிடிக்கும். முன்பே சந்தித்த அணு அப்படியல்ல. அதற்குள் வேண்டிய மரபணுக்கள் ஏற்கெனவே பாதி திறந்த நிலையில் இருக்கின்றன. அதே கிருமியின் ஒரு துண்டைக் காட்டினால் போதும், சில மணி நேரத்தில் மற்ற அணுக்களை உஷார்ப்படுத்தும் புரதங்களைத் தயாரித்து வெளியே அனுப்ப ஆரம்பித்துவிடும். அவற்றை சைட்டோகைன் என்கிறோம். எந்த அணு அவற்றைத் தயாரிக்கிறது, அப்படி எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது என் வேலை.

எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. அணு தான் செய்த புரதத்தை உள்ளே வைத்துக்கொள்வதில்லை. செய்த கையோடு வெளியே தள்ளிவிடும். அது திரவத்தில் கலந்துவிட்டால் யார் செய்தது என்று தெரியாது. அதனால் ஒரு மருந்து விடுகிறோம். அது அணுவுக்குள்ளிருந்து புரதம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். புரதம் உள்ளேயே தேங்கும். பிறகு ஒளிரும் சாயத்தை உள்ளே செலுத்தி, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்க வைத்தால், புரதம் தேங்கியவை மட்டும் மின்னும். அந்த மருந்துக்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. நானும் என்னோடு வேலை பார்க்கும் ஆய்வாளரும் அதைக் கதவு என்று சொல்வோம். "கதவு போட்டாச்சாக்கா?" என்பது அவள் ஒரு நாளில் அதிகம் கேட்கும் கேள்வி.

அந்தப் படிவம் தொடர்பான ஆய்வு டெட்டனஸ் ஊசியைப் பற்றியது. எப்போதோ, பல பத்தாண்டுகளுக்கு முன், ஊசி போட்டுக்கொண்டவர்களின் அணுக்கள் இன்றும் அதை நினைவில் வைத்திருக்கின்றனவா? முதல் தொகுதிக்கு அறுபது வயதைக் கடந்தவர்களாகவே நாற்பது பேரைச் சேர்த்தோம். தமிழர்கள் அதிகம் புழங்கும் சிராங்கூன் சாலைப் பக்கம் போய் ஆள் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. என் அடுக்குமாடி புளோக்கில் மூன்று மாடி கீழே இருப்பவர் ஒருவர், ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் கேட்டதற்காகவே வந்தார். இளவயதில் துருப்பிடித்த தகரம் கணுக்காலைக் கிழித்து ஊசி போட்டுக்கொண்டதை, தழும்பைக் காட்டி, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார்.

ஒவ்வொருவர் ரத்தத்திலிருந்தும் மூன்று குழாய் அணுக்களை உறைய வைத்தோம். முதல் குழாயை எடுத்துச் சோதித்ததில் ஒன்றும் வரவில்லை. நாற்பது பேருக்கும், கணினித் திரையில் மின்னும் அணுக்கள் புள்ளிகளாகத் தெரியவேண்டிய மூலை வெறுமையாகவே இருந்தது. இரண்டாவது குழாயையும் எடுத்து, அதே முறையில், அதே கவனத்தோடு செய்தேன். அதே வெறுமை. இனி ஆளுக்கு ஒரு குழாய்தான் மிச்சம்.

அந்த வாரம் காப்பிக்கடையில் இரும்புக்கடைக்காரர் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, என் ரத்தம் என்ன சொல்லுது? மூணு மாசமாச்சு, பேச்சு மூச்சக் காணோம்."

"அத நான் சொல்லக்கூடாதுண்ணே. எது உங்க ரத்தம்னே எனக்குத் தெரியாது. வெறும் நம்பர்தான் இருக்கும்."

"நாப்பது வருசம் இரும்பு வித்தவன் ரத்தம் லா. காந்தத்த வெச்சுப் பாரு, தெரிஞ்சிடும்."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பால் கலக்காத தேநீரை, தே ஓவை, பாதியிலேயே தள்ளி வைத்தேன். அந்த வெறுமையான மூலைகளில் ஏதோ ஒன்று இவருடையது.

தலைவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். அவர் கணக்குப்படி இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, உறைந்த அணுக்களை உருக்கும்போது என் கை பிசகியிருக்க வேண்டும். இல்லையென்றால் வயதானவர்களின் அணுக்கள் டெட்டனஸை மறந்துவிட்டிருக்க வேண்டும். கை பிசகு என்று நான் எழுதிக் கொடுத்தால் இந்தத் தொகுதியை மூடிவிடலாம். மிச்சமுள்ள குழாய்களை அடுத்த வார வெள்ளிக்கிழமை வீசிவிட்டு, உறைபெட்டியில் இடத்தைக் காலி செய்து, இளம் வயதினரை வைத்துப் புதிதாகத் தொடங்கலாம். நான் எழுதிக் கொடுக்காவிட்டால், மறந்துவிட்டன என்றே அறிக்கையில் எழுதவேண்டி வரும் என்றார். என் ஒப்பந்தம் அந்தக் காலாண்டோடு முடிகிறது என்பதை அவர் நினைவூட்டவில்லை. அவசியமும் இல்லை, எனக்குத் தேதி தெரியும்.

என் கை பிசகவில்லை என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அகம்பாவம் அல்ல. ஒவ்வொருவருக்கும், அணுக்களை இடும் தட்டில் ஒரு குழியை ஒதுக்கி வைப்போம். எந்த அணுவையும் உலுக்கி எழுப்பிவிடும் ஒரு ரசாயனத்தை அதில் விடுவோம். நாற்பது பேருக்கும் அந்தக் குழி மின்னியது. அணுக்கள் உயிரோடு இருந்தன, புரதம் செய்யும் தெம்போடு இருந்தன. பிசகிய கையிலிருந்து அப்படி வராது. இதைச் சொன்னேன். அப்படியானால் மறந்துவிட்டன என்றுதானே அர்த்தம் என்றார். அதையும் ஏற்க மாட்டேன் என்றேன். நாற்பது பேரில் ஒருவர்கூட நினைவில் வைத்திருக்கவில்லை என்றால், அது நாற்பது பேருடைய குறையாக இருக்க முடியாது. கேட்ட நம்மிடம்தான் ஏதோ கோளாறு. என்ன கோளாறு என்று கேட்டார். தேடிச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகுதான் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

ஆய்வாளர் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். செங்காங்கில் வீடு. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவாள், திங்கள் தவறாமல் தாமதமாக வருவாள். டெட்டனஸ் ஆய்வைத் திட்டமிட்டவள் அவள்தான். மதியம் சாப்பிடும்போது என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள்.

"அக்கா, சைன் பண்ணிட்டுப் போயிடலாம் லா. அந்த ஃபார்ம யாரு எடுத்துப் பாக்கப் போறா?"

"யாரும் பாக்காத ஃபார்ம்னா நீயே பண்ணிடேன்."

"என் பேரா போட்டிருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் தன் பெட்டியிலிருந்த பொரித்த மீனில் பாதியை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு மேசையில் ஒரு பக்கம் ஆய்வுக்கூடத்தின் செய்முறைப் பக்கத்தின் நகலையும் இன்னொரு பக்கம் என் நாட்குறிப்புகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் செய்முறையை எழுதியவள் நான். கூடத்தில் இருக்கும் பாதிச் செய்முறைகள் நான் எழுதியவை. என் பக்கங்களைப் புதிதாக வருகிறவர்கள் அப்படியே பின்பற்றுவார்கள், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது படியில், பொருளையும் கதவையும் ஒரே நேரத்தில் விடவும் என்று இருந்தது. பொருள் என்றால் அணுவுக்குக் காட்டும் கிருமிப் பகுதி. எப்போது இப்படி மாற்றினேன்? பக்கத்தின் அடியில் இருந்த தேதியை வைத்து நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன்.

அது சில வருடங்களுக்கு முந்தைய தீபாவளிக்கு முதல் நாள். அன்று அரை நாள் வேலை. பொருளை விட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, கதவைப் போட்டு, அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் என்பதுதான் பழைய முறை. அப்படிச் செய்தால் சிராங்கூன் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, பூவும் கிடைக்காது, முறுக்கு மாவும் கிடைக்காது. அதற்கு முன்பே இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு வைத்திருந்தேன். சேர்த்து விட்டாலும் அதே எண்ணிக்கைதான் வந்தது. ஆகவே காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தை நீக்கினேன். நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "இன்று இரண்டையும் சேர்த்தே விட்டேன். சரியாக வந்தது. சின்னத் துண்டுகளுக்கு மட்டும்."

கூடத்தின் பக்கத்தில் கடைசி வரி இல்லை. அப்போது எங்களிடம் இருந்ததெல்லாம் கிருமிப் புரதத்தை முன்பே வெட்டிய சின்னத் துண்டுகள்தான்; அவை வெளியிலிருந்தே அணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மட்டும் என்று எழுதவேண்டும் எனத் தோன்றவில்லை. அடுத்த நாளிலிருந்து எல்லாரும் அந்த முறையையே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? தீபாவளிக்கான பக்கம் வருடம் முழுவதற்கும் ஆனது.

டெட்டனஸ் சின்னத் துண்டு இல்லை. ஆய்வாளர் வாங்கியது முழுப் புரதம். முழுப் புரதத்தை நினைவு அணுவால் அப்படியே அடையாளம் காண முடியாது. பக்கத்தில் இருக்கும் வேறு வகை அணு அதை விழுங்கி, வெட்டி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டினால்தான் அடையாளம் காணும். அப்படித் தூக்கிக் காட்டுவதற்கு அந்த அணு பயன்படுத்துவதும் நாங்கள் அடைக்கும் அதே வழியைத்தான். பொருளோடு சேர்த்துக் கதவையும் போட்டதால், துண்டு மேலே வரவே இல்லை. நாற்பது பேரிடமும் கேள்வியே கேட்காமல், பதில் இல்லை என்று குறித்திருக்கிறோம். அதுவும் இரண்டு தடவை.

நாட்குறிப்பை மூடி வைத்துவிட்டுப் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். எல்லாவற்றையும் மடித்து முடித்த பிறகுதான் முகத்தில் சூடு ஏறியது. கை பிசகவில்லை என்று நிமிர்ந்து சொன்னேனே, அது உண்மைதான். பிசகியது எழுத்து. மூன்று சொற்கள்.

திங்கள் காலை இரண்டு பக்கங்களையும் ஆய்வாளர் முன்னால் வைத்தேன். அவள் நின்றபடியே படித்தாள், பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"புரோட்டீன மாத்தினது நான்தானேக்கா."

"பக்கத்த எழுதினது நான்."

"எனக்கே தெரிஞ்சிருக்கணும். படிச்சிருக்கேன்ல." மூன்றாவது படியின் மேல் விரலை வைத்தாள். "உங்க பக்கம்னா யாரும் செக் பண்ண மாட்டோம்க்கா. நான்கூட மூணாவது ஸ்டெப்ப ஒழுங்காப் படிச்சதே இல்ல."

படிவத்தைவிட அது அதிகம் வலித்தது.

தலைவரிடம் இருவரும் போனோம். கடைசிக் குழாயை எடுக்க அனுமதி கேட்டேன். மூன்றாவது தடவையும் வெறுமையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றார். அப்படி வந்தால், அவர்களின் அணுக்கள் மறந்துவிட்டன என்று தேதி போட்டு, நானே எழுதி, நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அணுக்களை எண்ணும் லேசர் இயந்திரம் வியாழன்வரை வேறு குழுவுக்குப் பதிவாகியிருக்கிறதே என்றார். அந்தக் குழுவிடம் கேட்டு, புதன் காலை முழுவதையும் என் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் அனுமதி கேட்க வந்திருந்தேன். கணினியில் பதிவைத் திறந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். ஆறு பேருடைய குழாய்கள் மட்டும் என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேன். அதை அவரிடம் சொன்னேன். ஆய்வாளர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

எந்த ஆறு என்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவளிடம் விட்டேன். செவ்வாய் காலை எட்டரைக்கு டெட்டனஸ் புரதத்தை விட்டேன். பிறகு எதையும் விடாமல் இரண்டு மணி நேரம். இத்தனை வருடங்களாக நாங்கள் சேமித்த அந்த இரண்டு மணி நேரத்தை, அணுக்களை வெதுவெதுப்பில் வைத்திருந்த அடைகாப்புப் பெட்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து செலவழித்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பத்தரைக்குக் கதவு. மதியம் இரண்டரைக்கு எடுத்துக் கழுவி, சாயம் ஏற்றி, குளிரில் வைத்து மூடினேன்.

புதன் காலை இயந்திரத்தில் முதல் குழாய். திரையின் வலது மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு புள்ளி. அது தற்செயலாகவும் இருக்கலாம். பிறகு நான்கைந்து. பிறகு எண்ணத் தேவையில்லாதபடி ஒரு சின்ன மேகம் போலப் புள்ளிகள் திரண்டன. அதிகம் இல்லை, நினைவு அணுக்கள் எப்போதும் அதிகம் இருப்பதில்லை. ஆனால் இருந்தன. எப்போதோ போட்ட ஊசிக்கு, நாங்கள் சரியாகக் கேட்ட அன்றே, ஆறு மணி நேரத்துக்குள் புரதம் செய்து காட்டின.

"வந்துடுச்சுக்கா," என்றாள் ஆய்வாளர், சத்தமில்லாமல்.

ஆறில் ஐந்து மின்னின. ஒன்று மின்னவில்லை. அந்த ஒன்றையும் எழுதினேன். அவர் உண்மையில் மறந்தவராக இருக்கலாம், ஊசியே போடாதவராகவும் இருக்கலாம். மற்ற ஐந்தும் வந்துவிட்டதென்று அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

இதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும், நான் விட்டிருந்தால். தலைவர் மகிழ்ச்சியாக இருந்தார். தொகுதியை மூடவேண்டாம், குழாய்களை வீசவேண்டாம், செய்முறை புதுப்பிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டு, பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடுங்கள் என்றார். பழைய படிவத்தைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டதாகவும் சொன்னார், எனக்குச் சலுகை செய்யும் குரலில்.

நான் செய்முறைக் கோப்பிலிருந்து பழைய பக்கத்தை எடுக்கவில்லை. அதன்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதிய பக்கத்தை வைத்து, இரண்டுக்கும் முன்னால் மூன்றாவதாக ஒரு தாளைச் செருகினேன். முழுப் பெயர், தேதி, நேரம். மூன்றாவது படியில் சின்னத் துண்டுகளுக்கு மட்டும் என்று எழுத நான் தவறினேன்; அதனால் நாற்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு குழாய்கள் வீணாயின; அவர்களுடைய அணுக்களில் குறை இல்லை. கீழே கையெழுத்து. தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இது தேவையில்லை, வெளியிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் வேண்டாத கேள்வி கேட்பார்கள் என்றார். குறை இருக்கிறது என்று என்னிடம் கையெழுத்துக் கேட்டீர்கள், அப்போது குறை எது என்று யாருக்கும் தெரியவில்லை, இப்போது கிடைத்துவிட்டது, போட்டுவிட்டேன் என்றேன். தாள் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தடவை காணாமல் போனது. அடுத்த நாள் நகலை வைத்தேன்.

புதிய ஒப்பந்தம் வழக்கமான இரண்டு வருடத்துக்குப் பதிலாக ஒரு வருடத்துக்கு வந்தது. எல்லா வரிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. மீதி முப்பத்து நான்கு பேரின் கடைசிக் குழாய்களையும் சோதித்தோம், பெரும்பாலானவை மின்னின. ஆனால் ஒரே தடவை கிடைத்த முடிவை வைத்து எதையும் நிறுவ முடியாது. மறுபடி ரத்தம் வேண்டும். கூடுதல் மாதிரி தேவைப்படுகிறது என்று நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற, சம்மதக் கையெழுத்து கேட்கும் கடிதம் எல்லாருக்கும் போனது. அதில் பொய் இல்லை. இரும்புக்கடைக்காரர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு காப்பிக்கடைக்கு வந்தார்.

"இன்னும் வேணுமாம். குடுத்ததெல்லாம் எங்க போச்சு? வித்துட்டீங்களா?"

கடிதத்தில் இல்லாததைச் சொல்வதா என்று யோசித்தேன். அந்தத் தாளில் எழுதி வைத்ததை இவரிடம் மறைப்பதில் அர்த்தம் இல்லை.

"வீணாக்கிட்டோம்ண்ணே. உங்க ரத்தத்துல ஒண்ணுமில்ல. நான் எழுதி வெச்ச முறையில தப்பு. என் தப்புதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? லிஃப்ட் எத்தன நிமிசம் நின்னுச்சுன்னு எழுதி டவுன் கவுன்சிலுக்குக் குடுத்த ஆளு நீ."

"நானேதான்."

"நல்லா வேணும்," என்றார். கோப்பையைக் காலி செய்தார், கடிதத்தை எடுத்து மேசைமேல் நீவி வைத்தார், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார். முதலில் முழுசாகப் படியுங்கள் என்றேன். படிக்கக் கண்ணாடி இல்லை, வீட்டில் இருக்கிறது என்றார். அப்படியானால் கண்ணாடியை எடுத்து வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். பதினேழு நிமிடம் கழித்து, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, வலது சட்டைக் கையையும் இப்போதே மடித்துவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.